டன்சினன் தோட்டத்துப் பற்கள்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாகச் சென்றால் பூண்டுலோயா. அங்குள்ள டன்சினன், ஹரோ தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் வாய்களை, நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவின் குழு 1970இல் பரிசோதிக்கத் தொடங்கியது. பல்துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அறியாதவர்கள் என்பதாலேயே அவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். (திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் முன்னோர் ஒடித்த வேப்பங்குச்சிக்கு இக்குளிர்மலையில் மரமேது?)

15 ஆண்டுகள் கவனித்தார்கள். சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. ஆயினும் பற்கள் விழுந்தன, ஈறுநோயால். நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெல்ல முற்றியது. 8 பேருக்கோ இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45இல் ஒன்றும் மிஞ்சவில்லை. எதுவும் செய்யாமலே 11 பேர் ஈறு அழற்சியோடு தப்பினர். 'இயற்கையே பல்லைக் காக்கும்' என்போர் இந்த 11 பேரை மட்டுமே காட்டலாம்.

1986இல் வெளியான ஆய்வுக் கட்டுரை இதனை ஈறுநோயின் 'இயற்கை வரலாறு' என்றது. எனக்கு உறுத்துவது இச்சொல்தான். துலக்குவதை நிறுத்தினால் மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கும், மீண்டும் துலக்கினால் ஆறும் என்பதை இதே லோ 1965இலேயே மெய்ப்பித்திருந்தார். ஒப்பீட்டுக்கு எடுத்த ஒஸ்லோ மாணவர்களுக்கு இளமை முதலே பல் வைத்தியம் கிடைத்தது. லயத்துக்கு அது எட்டாமற்போனது எவ்வகையில் இயற்கை?

2010இல் அந்த 480 பேரில் 75 பேரை மீண்டும் பரிசோதித்தனர். முடிவுகள் 2017இல் வெளியாயின.