திரைக்குப் பின்னால் தேயும் வட்டுகள்: ரெய்டு ஏற்பாட்டில் வட்டுப் பரிசோதனையின் அவசியம்

ஆரணியை அடுத்த கண்ணமங்கலம் போன்ற பட்டு நெசவூர்களில், ஜக்கார்டு பெட்டியின் அட்டை ஒன்று கிழிந்துவிட்டால், அந்தக் குறை உடனே சேலைக் கரையிலோ முந்தானையிலோ தலைகாட்டும். நெசவாளர் தறியை நிறுத்தி அட்டையை மாற்றிய பிறகே மேலே நெய்வார். 1804-இல் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார் வகுத்த அந்தப் பெட்டியின் துளை அட்டையில் செய்தியும் பிரத்தியட்சம், பழுதும் பிரத்தியட்சம். இன்று கணினியில் வரையப்படும் கோலங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உறைகின்றன. அங்கே பழுது கண்ணுக்கு எட்டாது. பல வட்டுகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் ரெய்டு கட்டுப்படுத்தியின் பின்னால் வைத்துவிட்டாலோ, கணினிக்குமே எளிதில் எட்டாது. ஆகவே, வட்டுகளைத் தனித்தனியே பரிசோதிக்காத ரெய்டு, பாதுகாப்பு அன்று, பாதுகாப்பின் பிரமை என்பதே என் வாதம்.

1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ரெய்டு யுக்தியின் மகிமை, ஒரு வட்டு இறந்தாலும் வேலை நில்லாமல் நடப்பது. அதன் அபாயமும் அதுவே. கட்டுப்படுத்தி பல வட்டுகளை ஒரே வட்டாகக் காட்டுவதால், இயங்குதளம் சொல்லும் நலச்செய்தி அந்தத் தோற்றத்தைப் பற்றியதே தவிர, உள்ளிருக்கும் உறுப்புகளைப் பற்றியதன்று. ஒரு வட்டின் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு-5 அமைப்பில், பழுதான வட்டை மாற்றும்போது மற்ற வட்டுகளை முழுமையாகப் படித்தாக வேண்டும். நெடுங்காலம் எவரும் தொடாத ஒரு மூலை அப்போதுதான் படிக்க இயலாததாய் வெளிப்படும்.

இது வெறும் அனுமானமன்று. லட்சுமி பைரவசுந்தரமும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 15.3 லட்சம் வட்டுகளை 32 மாதங்கள் கவனித்து, அவற்றில் 3.45 சதவீதத்தில் இத்தகைய மறைந்த பிழைகளைக் கண்டது. அதே ஆண்டின் கூகுள் ஆய்வோ, மேற்பரப்புச் சோதனையில் தன் முதற்பிழையைக் காட்டிய வட்டு, அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றது.

கட்டுப்படுத்தியே தன் வட்டுகளைக் கண்காணிக்கிறதே என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான், ஆயினும் அதன் எச்சரிக்கை, எவரும் திறவாத அதன் பதிவேட்டிலோ, பூட்டிய அறையில் ஒலிக்கும் மணியிலோ பலவேளை அடங்கிவிடுகிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், மெகாரெய்டு, அரேகா முதலிய கட்டுப்படுத்திகளை ஊடுருவி, வட்டின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் வட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைத் தருகிறது. மாற்றியமைத்த பகுதிகள், தீர்வுக்குக் காத்திருக்கும் பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை வளர்கிறதா என்பதே அதில் முதலில் நோக்கத்தக்கது. மெகாரெய்டில் அந்த எண், வட்டு செருகிய இடத்தின் எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதைச் சரிபாராமல், ஏற்கெனவே ஒன்றை இழந்த ரெய்டு-5 அமைப்பிலிருந்து நல்ல வட்டைப் பிடுங்குபவர் முழுத் தொகுப்பையும் இழப்பார்.

இந்தக் கணக்கும் பூரணமன்று: கூகுள் ஆய்வில், இறந்த வட்டுகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றையும் முன்கூட்டிக் காட்டவில்லை. எனவே வட்டுகளை முழுவதும் படித்துப் பார்க்கும் ரோந்துப் படிப்பும், வேறிடத்துப் பிரதியும் உடன் வேண்டும். ரெய்டை நிறுவியவர்கள், சிரத்தையோடு இன்றே ஒவ்வொரு வட்டின் கணக்கையும் கேட்டறியட்டும். எச்சரிக்கை ஒரு மனிதரின் கையில் வந்து சேரும் வழியையும் செய்து வைக்கட்டும்.