அணைத்தாலும் போகாத நிழல்: பிளாஸ்மா தொலைக்காட்சியில் படம் தங்குவது ஏன்?

அலைவரிசையை மாற்றிய பின்னும் முந்தைய அலைவரிசையின் சின்னம் திரையின் மூலையில் மங்கலாகத் தெரிகிறது. செய்தி முடிந்து படம் தொடங்கிவிட்டது, ஆனால் அடியில் ஓடிய செய்திப் பட்டியின் கோடு அப்படியே நிற்கிறது. பிளாஸ்மா தொலைக்காட்சி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய முறைப்பாடு.

இதைக் கண்டதும் "ரீவி பழுதாகிவிட்டது" என்று நல்ல பெட்டியை ஓரங்கட்டி விடுபவர்கள் இருக்கிறார்கள். "கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்" என்று விற்பவர் சொன்னதை நம்பி, உண்மையிலேயே தேய்ந்துபோன பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் ஏமாறுவதற்குக் காரணம் ஒன்றுதான். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வேறு குறைகளை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்று தற்காலிகப் படத் தேக்கம். அது தானாக மறையும். மற்றது நிரந்தரத் தேய்வு. அது மறையாது. முன்னதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பின்னது வராமல் தடுக்கலாமே தவிர, வந்தபின் திருத்த முடியாது.

பிளாஸ்மா திரையின் உள்ளே

பிளாஸ்மா திரை 1964இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவானது. டொனால்ட் பிற்சர், ஜீன் ஸ்லொட்டோ, அவர்களுடைய மாணவர் றொபேர்ட் வில்சன் ஆகியோர் கணினிவழிக் கற்பித்தலுக்காக இதை அமைத்தார்கள். அந்தத் திரை செம்மஞ்சள் நிறத்தில் மட்டுமே ஒளிர்ந்தது. முழு வண்ணப் பெரிய திரைகள் 1990களின் பிற்பகுதியில்தான் கடைகளுக்கு வந்தன.

இதன் அமைப்பு எளிமையானது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இலட்சக்கணக்கான சிறு அறைகள் இருக்கும். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் இவை 62 இலட்சத்துக்கும் மேல். ஒவ்வோர் அறையிலும் நியோன், செனன் வாயுக்கள் அடைக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் கொடுக்கும்போது வாயு பிளாஸ்மா நிலைக்கு மாறி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடும். அந்தக் கதிர் அறையின் சுவரில் பூசப்பட்ட பொஸ்பர் என்ற பொருளில் பட்டதும் சிவப்பு, பச்சை அல்லது நீல ஒளி பிறக்கும். வீட்டில் எரியும் குழல் விளக்கும் ஏறத்தாழ இந்த முறையில்தான் ஒளிர்கிறது. பழைய குழல் விளக்கு மங்குவதுபோல, பொஸ்பரும் பாவிக்கப் பாவிக்க மங்கும். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

தற்காலிகப் படத் தேக்கம்

ஒரே படம் சில நிமிடங்களோ மணித்தியாலங்களோ நின்றால், பிரகாசமாக ஒளிர்ந்த அறைகளின் சுவர்களில் சிறிதளவு மின்னேற்றம் தங்கிவிடும். அந்த இடம் சற்றுச் சூடாகவும் இருக்கும். அடுத்த காட்சி வரும்போது அந்த அறைகள் மற்ற அறைகளைப் போல நடந்துகொள்வதில்லை. அதனால் பழைய படத்தின் மெல்லிய நிழல் தெரிகிறது. இருண்ட காட்சிகளில் இது நன்றாகத் தெரியும். அசையும் காட்சிகள் ஓட ஓட மின்னேற்றம் சமநிலைக்கு வரும், சூடு தணியும், நிழலும் மறையும். சில நேரம் ஐந்து நிமிடம் போதும், சில நேரம் பல மணித்தியாலம் எடுக்கும். இங்கே எந்தப் பொருளும் தேயவில்லை. பெட்டி நல்ல நிலையில்தான் இருக்கிறது.

நிரந்தரத் தேய்வு

கடைக்காரர்கள் "பேர்ன்" என்று சொல்வது இதைத்தான். பெயரைக் கேட்டால் திரையில் ஏதோ எரிந்து ஒட்டிக்கொண்டதுபோலத் தோன்றும். உண்மையில் எதுவும் ஒட்டவில்லை, தேய்ந்துதான் போயிருக்கிறது. ஒரு சின்னம் மாதக்கணக்காக ஒரே மூலையில் வெள்ளையாக ஒளிர்ந்தால், அந்த இடத்துப் பொஸ்பர் மற்ற இடங்களைவிட வேகமாகப் பலம் இழக்கும். பின்னர் திரை முழுவதும் ஒரே நிறம் வரும்போது அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். மூன்று நிறங்களில் நீலப் பொஸ்பரே விரைவில் தேயும். அதனால் வெள்ளைத் திரையில் தேய்ந்த இடம் மஞ்சள் கலந்து தெரிவதும் உண்டு.

இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்க்கலாம். வெயில் படும் சுவரில் நாட்காட்டி ஒன்று பல வருடம் தொங்கினால், அதைக் கழற்றியதும் அது மூடியிருந்த இடம் மட்டும் புதுநிறத்தோடு இருக்கும். பழைய 4:3 அளவிலான ஒளிபரப்பை அகன்ற திரையில் பார்க்கும்போது இரு பக்கமும் வரும் கறுப்புப் பட்டைகளுக்கும் இதுவே நடக்கிறது. அங்குள்ள அறைகள் ஒளிராமல் புதிதாகவே இருக்க, நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. பல மாதம் இப்படியே பார்த்துவிட்டு முழுத்திரைக் காட்சிக்கு மாறினால், இரு பக்கங்களும் கூடுதல் வெளிச்சமாகத் தெரியும்.

2000களின் தொடக்கத்தில் விமான நிலையங்களில் பயண நேரங்களைக் காட்டிய பிளாஸ்மா திரைகளில் இந்தக் குறை பலரும் கண்டறிந்த ஒன்று. புறப்பாட்டு நேரங்கள் மாறிக்கொண்டேயிருந்தாலும் தலைப்பும் கட்டக் கோடுகளும் இரவு பகலாக ஒரே இடத்தில் நின்றன. அந்தக் கோடுகளே திரையில் பதிந்தன.

பிந்திய மாதிரிகளில் பொஸ்பர் நன்றாக மேம்பட்டது. பாதிப் பிரகாசத்துக்கு இறங்க 60,000 முதல் 100,000 மணித்தியாலம் வரை ஆகும் என்று உற்பத்தியாளர்கள் கூறினார்கள். ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலம் பார்த்தால், 60,000 மணித்தியாலம் என்பது இருபது வருடம். ஆனால் இது திரை முழுவதும் சமமாகத் தேய்ந்தால் பொருந்தும் கணக்கு. நிழல் தெரிவதற்குத் திரை பாதியளவு மங்கத் தேவையில்லை. பக்கத்து இடத்தோடு சிறு வித்தியாசம் இருந்தாலே கண் கண்டுபிடித்துவிடும்.

பாவித்த பெட்டி வாங்கும் முன்

பனசொனிக் நிறுவனம் 2013இன் இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சம்சுங், எல்ஜி நிறுவனங்கள் 2014இல் விலகின. எனவே இன்று கைமாறும் எந்த பிளாஸ்மாப் பெட்டியும் பத்து வருடத்துக்கு மேல் பழையதாகவே இருக்கும். வாங்கும் முன் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

1. முழு வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களை யூ.எஸ்.பி.யில் கொண்டு செல்லுங்கள். பெட்டியில் யூ.எஸ்.பி. இல்லையென்றால் ஒரு மடிக்கணினியை இணைத்துக் காட்டலாம்.

2. அறையை இருட்டாக்கி ஒவ்வொன்றையும் பாருங்கள். நான்கு மூலைகள், அடிப்பகுதி, இரு பக்க ஓரங்கள் ஆகியவற்றில் கவனம் வையுங்கள். அசையும் காட்சியில் ஒளிந்திருக்கும் நிழல் வெற்று நிறத்தில் வெளியே வரும்.

3. நிழல் தெரிந்தால் ஒரு முழுத்திரைப் படத்தை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு மீண்டும் பாருங்கள். குறைந்திருந்தால் அது தேக்கம். சிறிதும் மாறவில்லையென்றால் தேய்வு என்று எடுத்துக்கொண்டு, விலையையும் அதற்கேற்பப் பேசுங்கள்.

4. மின்பட்டியலையும் எண்ணிப் பாருங்கள். 50 அங்குல பிளாஸ்மாப் பெட்டி 300 வாட் அளவில் மின்சாரம் எடுக்கக்கூடும். ஒரு நாளுக்கு ஐந்து மணித்தியாலம் பார்த்தால் மாதம் 45 அலகு. இதே அளவு எல்ஈடி பெட்டிக்கு அதன் பாதிகூட வராது. மலிவாகக் கிடைத்த பெட்டி மாதாமாதம் காசு கேட்கும்.

நிழலைப் போக்கும் வழிகள்

தேக்கம் என்றால் முழுத்திரையில் அசையும் காட்சிகளைப் பார்ப்பதே போதும். அலைவரிசை கிடைக்காதபோது வரும் புள்ளிமழையும் உதவும், ஏனெனில் அதில் எல்லா அறைகளும் மாறிமாறி ஒளிர்கின்றன. பல பெட்டிகளின் அமைப்புப் பட்டியலில் வெள்ளைத் திரை காட்டும் அல்லது வெள்ளைப் பட்டை நகரும் வசதி இருக்கும். அதையும் ஓரிரு மணித்தியாலம் ஓடவிடலாம்.

தேய்வு என்றால், இந்த வழிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தேய்ந்த பொஸ்பருக்கு எதுவும் புத்துயிர் கொடுப்பதில்லை. மற்ற இடங்களையும் தேய வைத்து வித்தியாசத்தைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். நாட்கணக்காக வெள்ளைத் திரையை எரியவிட்டால் நிழல் மங்கலாம். அதற்கு விலையாகத் திரையின் மீதி ஆயுளும் போகும், மின்சாரமும் போகும். எனவே தேய்வை முழுதாக அகற்றித் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்டால் நம்பாதீர்கள். திரைக் கண்ணாடியையே மாற்றினாலன்றி அது நடக்காது.

பின்மூடியைக் கழற்றி நீங்களே பார்க்கவும் வேண்டாம். உள்ளே 200 வோல்ட் அளவிலான நேர்மின்னழுத்தம் ஓடும். மின்இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகள் சிறிது நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

வராமல் தடுப்பது

கடையில் பளிச்சென்று காட்டுவதற்கான அமைப்பு வீட்டுக்குத் தேவையில்லை. ஒளிமாறுபாட்டையும் பிரகாசத்தையும் குறைத்து வைத்தால் தேய்வும் குறையும், மின்பட்டியலும் குறையும். படத்தைச் சில புள்ளிகள் அளவுக்கு மெல்ல நகர்த்தும் வசதி இருந்தால் அதை எப்போதும் இயக்கி வையுங்கள். செய்தி அலைவரிசையை யாரும் பார்க்காத நேரத்திலும் ஓடவிடாதீர்கள். கிரிக்கெட் ஓட்டப் பட்டியும் விளையாட்டு நிரல்களும் நீண்ட நேரம் நின்றால் இடையில் வேறு காட்சிக்கு மாறுங்கள். கண்காணிப்புக் கமராக் காட்சிக்கும் கடை விலைப்பட்டியலுக்கும் பிளாஸ்மாவைப் பாவிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் அந்தியேட்டிக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இழந்தவரின் படத்தைத் தொலைக்காட்சியில் வைக்க விரும்புபவர்கள் இருக்கக்கூடும். காலையிலிருந்து இரவு வரை ஒரே படம் நிற்பது பிளாஸ்மாவுக்குப் பொருந்தாது. ஒரு நாளில் நிரந்தரத் தேய்வு வருவது அரிது, ஆனால் நிழல் சில நாட்கள் நிற்கலாம். இறந்தவரின் முகம் எதிர்பாராத நேரத்தில் மங்கலாகத் தெரிந்தால் வீட்டில் உள்ள முதியவர்களும் சிறுவர்களும் கலங்கிப் போவார்கள். அது வேறொன்றுமில்லை, தங்கிய மின்னேற்றமே என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பல படங்களை மாறிமாறி வரும்படி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒரே படம்தான் வேண்டுமென்றால் எல்சிடி திரையில் வையுங்கள்.

புதிய திரைகளில்

எல்ஈடி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் எல்சிடி திரைகளே. அவற்றில் பொஸ்பர் அறைகள் இல்லை. எப்போதாவது படம் தங்கினாலும் பெரும்பாலும் தானாக மறையும். ஓஎல்ஈடி திரை அப்படியல்ல. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேய்கிறது, எனவே இந்தக் குறை அங்கும் உண்டு. இத்தகைய திரையுள்ள கைத்தொலைபேசிகளில் விசைப்பலகையின் நிழலோ, மேலே நிற்கும் நேரம், பற்றரி அடையாளங்களின் நிழலோ பதிவது இதனால்தான். பிளாஸ்மாவுக்குச் சொன்ன கவனம் அங்கும் பொருந்தும்.

இனி ஓடாது என்று முடிவான பெட்டியை உடைத்து வளவில் போடாதீர்கள். பழைய பிளாஸ்மாத் திரைகளின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் முழுதாகக் கொடுப்பதே நல்லது. ஆனால் அந்த முடிவுக்கு முன் இரண்டு மணித்தியாலச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். தேய்ந்துவிட்டது என்று நீங்கள் ஒதுக்கி வைத்த பெட்டியில் இருப்பது மறையக்கூடிய நிழலாகவும் இருக்கலாம்.