அலுவலக அச்சுப்பொறி இணைப்பு: சிப்பிகாட்

தெற்கு அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்தை (2024 வரை போர்ட் பிளேர்) அடுத்துள்ள சிப்பிகாட், வேளாண் பண்ணையாலும், 2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து கடல்நீர் புகுந்த வயல்களாலும் அறியப்படும் ஊர். இத்தகைய ஊரின் சிறு அலுவலகத்துக்குச் சிக்கனமான அச்சுப்பொறி இணைப்பு எது என்பதற்கு இக்கருவியின் வரலாறே விடை தருகிறது. 1970இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இணைப்புமுனை ஓர் அச்சுப்பொறியை ஒரு கணினியோடு கட்டிப்போட்டது. இரண்டு கணினிகள் பங்கிட்டுக்கொள்ள நடுவில் திருகு வைத்த ஸ்விட்ச் பெட்டி வேண்டியிருந்தது. ஆனால் அதே பத்தாண்டில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லேசர் அச்சுப்பொறியும், கணினிகளைக் கேபிளால் பிணைக்கும் ஈதர்நெட்டும் ஒரே கூரையின்கீழ் உருவாயின. பலர் ஒன்றைப் பகிர்வது பின்னாளில் ஒட்டவைத்த வசதி அன்று, பிறவியிலேயே வந்தது. யூனிக்ஸ் கணினிகள் வலைவழி அச்சிடப் பயன்படுத்திய எல்பிடி நெறிமுறை 1990இல் ஆவணமாயிற்று. 1991இல் எச்பியின் ஜெட்டைரக்ட் அட்டை அச்சுப்பொறிக்கே தனி முகவரி கொடுத்தது. 1999இல் வலைவழி அச்சுக்கான ஐபிபி நெறிமுறை வந்தது. இவற்றில் எதற்கும் இணையம் தேவையில்லை. அலுவலகத்துக்குள் ஓடும் கேபிளே போதும்.

சிப்பிகாட்டுக்கு இது சிறிய செய்தி அன்று. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் இடப்பட்ட கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10இல் தொடங்கிவைக்கப்படும்வரை, தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. கேபிள் வந்துவிட்டதால் இனி மேகக்கணினி வழியே அச்சிடலாமே என்பர். ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 31உடன் கூகுள் தன் கிளவுட் பிரிண்ட் சேவையை நிறுத்தியது; அதை நம்பியவர்கள் வேறு வழி தேட நேர்ந்தது. பக்கத்து மேசைக்குப் போகவேண்டிய தாள் கடல் கடந்து சுற்றிவரத் தேவையில்லை. கணினி ஒன்றில் யுஎஸ்பியால் இணைத்துப் பகிர்ந்தால் செலவே இல்லை என்பது வலுவான வாதம். இரண்டு மூன்று பேருக்கு அது சரிதான். ஆனால் அந்தக் கணினியை அணைத்தால் அனைவருக்கும் அச்சு நின்றுபோகும். 2021இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது, பகிர்ந்த அச்சுப்பொறிக்கு டிரைவர் நிறுவவே நிர்வாகி அனுமதி கட்டாயமானது. வைஃபைக்குக் கேபிள் செலவு இல்லைதான்; ஆனால் ரவுட்டரின் கடவுச்சொல் மாறும்போதெல்லாம் அச்சுப்பொறியைத் திரும்பவும் இணைக்கவேண்டும். ஆகவே ஈதர்நெட் முனையுள்ள அச்சுப்பொறி, சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, 100 மீட்டருக்கு உட்பட்ட கேபிள், ரவுட்டரில் ஒதுக்கிய நிலையான முகவரி ஆகியவையே நெடுநாளைக்கு மலிவு. முனை இல்லாத பழைய அச்சுப்பொறியைக் கழித்துவிட வேண்டியதில்லை. பிரிண்ட் சர்வர் என்னும் சிறு பெட்டியால் இதே வலையில் சேர்க்கலாம்.

இன்றைய அச்சுப்பொறிகள் பலவும் ஐபிபி வழியே தனி டிரைவரின்றிக் கைபேசியிலிருந்தும் அச்சிடுகின்றன.