ஃபுலூஸ் பெருகிய காலமும் பிட்காயின் கடனும்

2024 டிசம்பரில் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் இருவர் மதரஸாவின் தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தனர். ஒருவர் எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை. மற்றவர் அவருடைய மைத்துனர். துபாயில் பணிபுரிபவர், விடுப்பில் ஊர் வந்திருந்தார். இருவர் முகத்திலும் கோபம் தெரிந்தது.

நடந்தது இதுதான். 2022 நவம்பரில் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக மூத்தவர் கடன் கேட்டிருக்கிறார். இளையவரிடம் அப்போது ரொக்கம் இல்லை. தம் கணக்கிலிருந்த பிட்காயினிலிருந்து பத்தில் ஒரு பங்கை மைத்துனரின் கணக்கிற்கு அனுப்பி வைத்தார். மூத்தவர் அதை அன்றே விற்றார். ஏறத்தாழ 1,35,000 ரூபாய் கிடைத்தது. எழுத்தில் எதுவும் இல்லை, சாட்சியும் இல்லை. இரண்டாண்டுகள் கழித்து அதே பத்தில் ஒரு பங்கின் விலை 8,50,000 ரூபாய் அளவிற்கு ஏறிவிட்டது.

“மச்சான், நான் உங்களுக்கு ரூபாய் தரவில்லை, காயின் தந்தேன். காயினையே திருப்பித் தாருங்கள்” என்றார் இளையவர்.

“ஹஜ்ரத், என் கைக்கு வந்தது 1,35,000 ரூபாய். எட்டரை இலட்சம் கேட்பது வட்டியை விடக் கொடுமை இல்லையா?” என்றார் மூத்தவர்.

நான் முஃப்தி அல்லன்; பாடம் நடத்தும் ஆசிரியன். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு கிதாபுகளைப் புரட்டலானேன். கணினி காலத்துச் சிக்கல் என்று நான் எண்ணிய இவ்வழக்கை, நம் இமாம்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருப்பதைக் கண்டேன். அப்போது அதன் பெயர் ஃபுலூஸ்.

வளைகுடா நாடுகளுக்குச் சென்று வந்த எவரும் இச்சொல்லை அறிவர். இன்று பொதுவாகப் பணம் என்ற பொருளில் வழங்கும் இச்சொல், முற்காலத்தில் செப்புக் காசை மட்டுமே குறித்தது. ரோமப் பேரரசின் செப்புக் காசான ‘ஃபோலிஸ்’ என்பதிலிருந்து வந்ததாகக் கூறுவர். தங்கம் தீனார், வெள்ளி திர்ஹம், செம்பு ஃபல்ஸ். ஃபல்ஸின் பன்மை ஃபுலூஸ். முதல் இரண்டிற்கும் உருக்கினாலும் மதிப்பு உண்டு. மூன்றாவதன் மதிப்பில் பெரும்பகுதி, மக்கள் அதனை ஏற்றுக்கொள்வதனால் மட்டுமே வருவது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு வணிகர்கள் தமக்கென நாணயம் அச்சிட்டதில்லை. ரோமரின் தீனாரும் பாரசீகரின் திர்ஹமுமே மக்காவிலும் மதீனாவிலும் புழங்கின. பேரரசர்களின் உருவங்களும் பாரசீகரின் நெருப்புப் பீடமும் பொறித்த அந்நாணயங்களைக் கொண்டே ஸஹாபாக்கள் வாங்கினர், விற்றனர், ஸகாத்தும் கொடுத்தனர். ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான், உருவமின்றி எழுத்து மட்டும் பொறித்த 4.25 கிராம் எடையுள்ள தீனாரை வெளியிட்ட பின்னரே தனி நாணயம் ஏற்பட்டது. பணத்தை வெளியிட்டவர் யார் என்பதைவிட அதன் எடையும் தூய்மையுமே முதலில் பார்க்கப்பட்டன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

பணம் தங்கமாகவோ வெள்ளியாகவோதான் இருக்க வேண்டுமா என்ற வினாவும் பழையதே. உமர் (ரலி) அவர்கள் ஒட்டகத் தோலினால் திர்ஹம் செய்ய எண்ணினார்கள் என்றும், அவ்வாறு செய்தால் ஒட்டகமே மிஞ்சாது என்று பிறர் கூறவே அதைக் கைவிட்டார்கள் என்றும் பலாதுரீ பதிவு செய்துள்ளார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, மக்கள் தோலையே நாணயமாக்கிப் புழங்கினால் அதனைத் தங்கத்திற்கும் வெள்ளிக்கும் தவணையில் விற்பதைத் தாம் வெறுப்பதாகக் கூறினார்கள். தோலும் பணமாகக் கூடும். பணமானால் பணத்திற்குரிய சட்டம் அதன்மீதும் வரும் என்பது அதன் கருத்து.

இனி டில்லிக்கு வருவோம். 1329-30ஆம் ஆண்டளவில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக், வெள்ளி டங்காவிற்கு ஈடாகச் செம்பிலும் பித்தளையிலும் அடையாள நாணயம் வெளியிட்டார். அக்காலத்தில் மஅபர் என வழங்கப்பட்ட நம் மதுரைப் பகுதியும் அவருடைய ஆளுநர் ஒருவரின் கீழேயே இருந்தது. சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவர் ரஹ்மானுக்கே கீழ்ப்படிந்தவர் ஆவார் என்னும் கருத்துள்ள வாசகமும் அந்நாணயத்தில் பொறிக்கப்பட்டது. செம்பை வெள்ளி என்று நம்பவைக்க மார்க்கத்தின் சொல்லைத் துணைக்கு அழைத்த இச்செயலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கூசும். ‘ஹலால் காயின்’ என்ற பெயருடன் இன்று வரும் விளம்பரங்களைக் காணும்போதும் அந்த வாசகமே நினைவிற்கு வருகிறது.

திட்டம் மூன்றாண்டுகள் தாங்கவில்லை. சுல்தானின் நாணயத்தைப் போலவே எவரும் வார்த்துவிட முடிந்தது. வீடுகளெல்லாம் நாணயச் சாலைகளாயின என்கிறார் வரலாற்றாசிரியர் ஸியாவுத்தீன் பரனீ. மக்கள் வரியைச் செம்பில் கட்டினர், வெள்ளியைப் பதுக்கினர். இறுதியில் சுல்தான் திட்டத்தைக் கைவிட்டு, செப்பு நாணயம் கொண்டுவந்த அனைவருக்கும் கருவூலத்திலிருந்து வெள்ளியாகவே கொடுத்தார். அவ்வாறு திரும்பி வந்த செம்பு துக்ளகாபாத்தில் மலைபோல் குவிந்து கிடந்ததாம். அவரைப் பித்தர் என்று பள்ளிப் பாடநூல்கள் எள்ளி நகையாடுவதுண்டு. ஆயினும் தாம் வெளியிட்ட காசினால் வந்த நட்டத்தைக் கருவூலத்தின் தலையில் ஏற்றிக்கொண்டவர் அவர். இதற்கு முன்னர் 1294இல் தப்ரீஸ் நகரில் மங்கோலிய அரசர் கைகாத்தூ சீனத்து முறையில் தாள் பணம் வெளியிட்டபோது, கடைத்தெருவே மூடப்பட்டு, அத்திட்டம் சுமார் இரண்டே மாதங்களில் ஒழிந்தது.

மிகுந்த படிப்பினை தருவது கெய்ரோவின் வரலாறு. வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) 1399இல் அந்நகரின் முஹ்தஸிபாக, அதாவது சந்தைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். எடைக்கல்லையும் ரொட்டி விலையையும் நாள்தோறும் கண்ணால் கண்டவர். 1403இல் நைல் நதி போதிய அளவு பெருகாமல் பஞ்சம் வந்தபோது, மழைக்கும் நதிக்கும் மேற்பட்ட காரணங்கள் உண்டென்று கூறி ‘இகாஸத்துல் உம்மா’ என்னும் நூலை எழுதினார். அவர் கண்ட காரணங்கள் மூன்று: இலஞ்சம் கொடுத்துப் பதவி பெறுதல், நிலக் குத்தகை உயர்வு, ஃபுலூஸின் பெருக்கம்.

சுல்தான் பர்கூக்கின் அரண்மனை அதிகாரியான மஹ்மூத் இப்னு அலீ ஐரோப்பியரிடமிருந்து செம்பை வரவழைத்து அளவின்றிக் காசு அடித்தார். அடிக்க அடிக்க அவருக்கு இலாபம். வெள்ளி திர்ஹம் நகையாக உருக்கப்பட்டது, வெளிநாடு சென்றது, பின்னர் கடைத்தெருவிலிருந்தே மறைந்தது. செப்புக் காசு எண்ணி மாளாத அளவிற்குப் பெருகியபோது வணிகர்கள் அதனை எண்ணுவதை விட்டுத் தராசில் நிறுத்து வாங்கலாயினர். எண்ணப்படும்வரை அது பணம். நிறுக்கப்பட்ட அன்றே அது வெறும் செம்பு. பொருள் வைத்திருந்த வணிகர்கள் விலையேற்றத்தில் சமாளித்துக்கொண்டனர். மாத ஊதியம் பெற்றவர்களே நசுங்கினர். அவர்களுள் ஃபகீஹ்களையும் மாணவர்களையும் மக்ரீஸீ தனியே குறிப்பிடுகிறார். மதரஸா ஊதியம் வாங்கும் ஒருவன் இந்தப் பக்கத்தைச் சற்று நிதானித்தே வாசிப்பான்.

காசின் மதிப்பு மாறும்போது கடன் என்னாவது? இங்கேதான் அந்த இருவரின் வழக்கு வருகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில், ஃபுலூஸ் கடன் வாங்கியவர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். அவர்களின் மாணவரும் ஹாரூன் ரஷீதின் தலைமை காழியுமான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) பிற்காலத்தில் மாறுபட்டார்கள்: வாங்கிய நாளில் இருந்த மதிப்பையே தர வேண்டும். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் பலர் இதன்மீதே ஃபத்வா வழங்கினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ ‘அல்உம்மு’ நூலில், சுல்தான் அக்காசைச் செல்லாதென அறிவித்துவிட்டாலும் கடன் கொடுத்தவருக்கு அதே வகைக் காசு மட்டுமே உரியது என்கிறார்கள்.

என்னிடம் வந்த மூத்தவர் ஹனஃபி, இளையவர் கடற்கரை ஊரின் ஷாஃபிஈ. தத்தமக்கு ஆதாயமான சட்டம் தத்தம் மத்ஹபிலேயே கிடைத்துவிட்டதில் இருவருக்கும் மகிழ்ச்சி, எனக்குத்தான் தலைவலி.

ஃபுலூஸையும் பிட்காயினையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. துக்ளக்கின் காசை வீழ்த்திய கள்ள வார்ப்பு இங்கே இல்லை. 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினின் ஒவ்வொரு கைமாற்றமும் உலகெங்கும் உள்ள கணினிகளில் ஒரே பேரேடாகப் பதிவாகிறது. கெய்ரோவின் செம்பைப் போல் வரம்பின்றிப் பெருகவும் வழியில்லை. அதன் விதிப்படி மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் காயின்கள் மட்டுமே. ஆனால் திருப்பிக் கொடுத்தால் வெள்ளி தரும் கருவூலமும் இல்லை. 2010 மே 22இல் இரண்டு பீட்சாக்களுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார் ஒருவர். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலர். ஓராண்டில் அது 16,000 டாலர் அளவிற்கு இறங்கியது. 2024 டிசம்பரில் ஒரு இலட்சம் டாலரைத் தாண்டியது. மாமூன் காலத்து ஃபல்ஸும் இவ்வளவு ஆடியிராது.

‘சந்தை மதிப்பு பல இலட்சம் கோடி’ என்னும் செய்தியைக் கண்டு, அவ்வளவு பணம் எங்கோ பத்திரமாக இருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். கடைசியாக விற்ற விலையை மொத்தக் காயின்களின் எண்ணிக்கையால் பெருக்கிய கணக்கே அது. நூறு வீடுகள் உள்ள தெருவில் ஒரு வீடு 50 இலட்சத்திற்கு விலைபோனால், தெருவின் மதிப்பு 50 கோடி என்று எழுதிவிடலாம். நூறு பேரும் ஒரே நாளில் விற்க முற்பட்டால் என்ன கிடைக்கும் என்பது வேறு. 2022 மே மாதம் டெரா வீழ்ந்தபோது அது தெரிந்தது. எப்போதும் ஒரு டாலர் என்று வாக்களித்த அதன் காயின் சரிய, 80 டாலருக்கு மேல் இருந்த இணைக் காயினான லூனா ஒரு வாரத்திற்குள் ஒரு காசும் பெறாததாயிற்று. ஈடு கொடுக்கத் துக்ளக் எவரும் அங்கில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே எச்சரித்தது. 2018 ஏப்ரலில் வங்கிகள் இவ்வணிகத்திற்குச் சேவை அளிக்கக் கூடாதென்றது. 2020 மார்ச் 4இல் உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இலாபத்தின்மீது 30 விழுக்காடு வரி, ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு பிடித்தம். நட்டத்தைப் பிற வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் இயலாது. ‘அரசே வரி வாங்குகிறதே, அப்படியானால் செல்லுபடியாகும் பணம்தானே?’ என்று கேட்போர் உண்டு. சட்டம் இதனைச் சொத்தாகவே வகைப்படுத்தியுள்ளது. கடைக்காரர் வாங்க மறுத்தால் குற்றமில்லை.

மார்க்க அறிஞர்களும் ஒரே குரலில் பேசவில்லை. எகிப்தின் தலைமை முஃப்தி 2018இன் தொடக்கத்தில் தடுத்தார். மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல் வணிகத்தை அனுமதித்தது. இந்தோனேசிய உலமாப் பேரவை 2021இல் பணமாகப் பயன்படுத்துவதைத் தடுத்து, தெளிவான அடிப்படையும் பயனும் உள்ளவற்றைப் பொருளாக விற்க இடமளித்தது. ஆகுமானது என்போரின் கருத்துப்படி, விற்பதற்காக வைத்திருப்பவர் வியாபாரப் பொருளைப் போலவே ஆண்டு நிறைவு நாளின் விலையைக் கணக்கிட்டு இரண்டரை விழுக்காடு ஸகாத் கொடுக்க வேண்டும். இதில் ஐயமுள்ளோர் தம் ஊர் முஃப்தியைக் கேட்டுக்கொள்வது நலம்.

வாரம் கழித்து இருவரும் வந்தனர். இப்னு ஆபிதீன் (ரஹ்) எழுதிய சிறு நூல் ஒன்றை அவர்கள் முன் வைத்தேன். 1836இல் மறைந்த திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் அவர். உஸ்மானிய அரசு நாணயங்களின் மதிப்பை மீண்டும் மீண்டும் குறைத்து ஆணையிட்ட காலம் அது. கடன்பட்டவர்கள் அதிகம் விலை குறைந்த நாணயத்தையே தேடித் தந்தனர், கொடுத்தவர்கள் நொந்தனர். நட்டம் முழுவதும் ஒருவர்மீது விழாதபடி நடுத்தரமானதில் ஸுல்ஹு செய்துகொள்ளுமாறு அவர் வழிகாட்டினார். ஷாஃபிஈயான இளையவரிடம், உங்கள் உரிமை முழுக் காயின் என்றே வைத்துக்கொண்டாலும் அதில் ஒரு பகுதியை நீங்களாக விட்டுக்கொடுப்பதை உங்கள் மத்ஹபும் தடுக்கவில்லை என்றேன்.

நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் இளையவர், “அக்கா நேற்றிரவு முழுக்க அழுதுகொண்டிருந்தது ஹஜ்ரத்” என்றார். நான்கு இலட்சம் ரூபாய், இருபது மாதத் தவணை என்று முடிவாயிற்று. இம்முறை தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டனர். ரூபாய் என்ற சொல்லின் கீழ் மூத்தவர் இரண்டு கோடுகள் இழுத்தார்.