பச்சைத் தண்ணியின் கதை

எங்க பண்பொழிப் பக்கம் குளத்துத் தண்ணி பச்சையா மாறினா, 'பாசி பிடிச்சிட்டு'ன்னு ஒதுங்கிருவோம். அந்த நுண்பாசிக்கு ஒரு வரலாறு உண்டு.

நீலப்பச்சைப் பாசி நெல்வயலுக்குத் தழைச்சத்து சேர்க்குதுன்னு 1939-ல் பி.கே. டே எழுதினார். 1950-களில் கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் சாக்கடைக்குப் போனார். பாசி விடும் ஆக்சிஜனில் பாக்டீரியா கழிவைச் சிதைக்கும். அதில் வெளிவரும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பாசி உறிஞ்சிக்கிடும். நம்ம நாட்டுல ஆல்ஜினேட் ஆலையின் அமிலக் கழிவுநீரைப் பாசியால் திருத்திய விவரத்தை வி. சிவசுப்பிரமணியன் குழு 2009-ல் வெளியிட்டது.

ஆனா வளர்ந்த பாசியை வெளியே எடுக்கணும். விட்டா, செத்து அழுகி, தின்ன சத்தைத் தண்ணிக்கே திருப்பிக் குடுத்துரும். மீனும் மூச்சுமுட்டிச் சாகும். வயல் உரமும் வீட்டுச் சாக்கடையுமா குளத்துல நாம விதைச்சுக்கிட்டே இருக்கோம். அறுக்கத்தான் ஆளில்லை.