தோட்டாவும் கொழுப்பும் - 1857 இல் ஒரு மசகுப் பிரச்சினை

1857 ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சியைப் பற்றி எழுதப்புகுந்த ஆசிரியர்களுள் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் குறிப்பிடாது சென்றவர் அரியர். ஆயினும், அக்கொழுப்பு துப்பாக்கிக்கு எதன் பொருட்டுத் தேவைப்பட்டது, அதனிடத்தில் வேறொரு மசகைப் பயன்படுத்த முடியாதிருந்ததா, அவ்வாறு முடியுமெனச் சொன்னவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலான நூல்களிலே ஓரிரு வரிகளுடன் கடந்து செல்லப்படுகின்றன. சிப்பாய்களே தமக்கு வேண்டிய மசகைத் தாமே கூட்டித் தடவிக்கொள்ளலாமென அரசாங்கம் கிளர்ச்சிக்கு மூன்றரை மாதங்களுக்கு முன்னரே அனுமதி வழங்கிவிட்டது. வழங்கியும் பயன் விளையவில்லை. அது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில் துப்பாக்கியின் இயல்பை அறிதல் வேண்டும். கம்பனிப் படையினர் அதுவரை பயன்படுத்திய 'பிரவுண் பெஸ்' துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு குழலிலும் சிறியது. குழலின் வாயிலே இட்டதும் அது தானே உருண்டு கீழிறங்கும். மசகு எதுவும் வேண்டியதில்லை. குறி தவறுவதே அதன் பெருங்குறை. குழலின் உட்புறத்தே சுருள்வரிப் பள்ளங்களை வெட்டிச் சன்னத்தைச் சுழலச் செய்தால் அது நேரே செல்லும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. ஆனால், பள்ளங்களைப் பற்றிக்கொள்ளுமளவு பருத்த சன்னத்தை வாய்வழியே இடித்திறக்குவது கடினம். 1849 இல் பிரான்சிய அதிகாரியான மினியே அமைத்த, அடிப்புறம் குழிந்த நீள்வடிவச் சன்னம் இந்த முரண்பாட்டைத் தீர்த்தது. குழலிலும் சற்றே சிறியதாக உள்ளிறங்கும் அது, வெடியின் அமுக்கத்தால் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். 0.577 அங்குலத் துளையுடைய 1853 ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் றைபிள் இத்தத்துவத்தின் வழிவந்ததே.

ஆயினும் இடர் ஒன்று எஞ்சியது. கருமருந்து எரிந்தபின் கடினமான கரிப்படிவு குழலில் ஒட்டிக்கொள்ளும். சில வேட்டுகளின் பின் அடுத்த சன்னம் இறங்க மறுக்கும். இப்படிவை இளக்குவதற்கும் சன்னத்தை வழுக்கி இறக்குவதற்கும் மசகு இன்றியமையாததாயிற்று. எனவே மருந்தும் சன்னமும் அடங்கிய கடதாசிச் சுருளின் சன்னமுள்ள முனை உருக்கிய கொழுப்பிலும் மெழுகிலும் தோய்த்தெடுக்கப்பட்டது. சிப்பாய் மறுமுனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, மசகு பூசிய கடதாசியோடு சன்னத்தைக் குழலுள் செலுத்துவான். (உலோகச் சன்னத்துக்கும் குழலுக்கும் இடையிலான இப்பிணக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. 1990களில் அமெரிக்க விளையாட்டுச் சுடுநர் தம் வீடுகளிலேயே சன்னங்களுக்கு மொலிப்டினம் இருசல்பைட்டு என்னும் உலர்ந்த கருந்தூளைப் பூசத் தலைப்பட்டனர். கனிமத்தூளுக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை.)

இனி, அக்கொழுப்பு எதனுடையது என்பதே கேள்வி. இக்கேள்வி 1857 இல் திடீரெனத் தோன்றியதன்று. 1853 இல் மாதிரித் தோட்டாக்கள் இந்தியத் தட்பவெப்பத்தைத் தாங்குமா எனச் சோதிப்பதற்காக அனுப்பப்பட்டபோதே, வங்காளப் படையின் உயரதிகாரியான கேணல் ஹென்றி டக்கர், சாதியுணர்வைப் புண்படுத்தாத மசகு என்று தெளிவாக அறியப்பட்டாலன்றி அவற்றை இந்தியப் படைப்பிரிவுகளுக்கு வழங்கலாகாதென எழுத்திலே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை கோப்புகளுக்குள் அடங்கிப் போயிற்று. பின்னர் கல்கத்தாவில் தோட்டா செய்யத் தொடங்கியபோது, ஒப்பந்தகாரர் வழங்கும் கொழுப்பு எவ்விலங்கினதாயிருத்தல் வேண்டுமென எவரும் வரையறுக்கவில்லை. சமயக் காழ்ப்பினால் வேண்டுமென்றே பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் சேர்க்கப்பட்டன என்பதற்குச் சான்றில்லை. சேராதிருக்க முன்னேற்பாடு செய்யப்பட்டதென்பதற்கும் சான்றில்லை.

1857 ஜனவரியிலே கல்கத்தாவை அடுத்த டம் டம் பயிற்சி நிலையத்தில், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த கலாசி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் செம்பிலே தண்ணீர் கேட்க, அவன் மறுக்க, பசுவினதும் பன்றியினதும் கொழுப்பைக் கடிக்கப்போகும் உமக்குச் சாதி எங்கே நிலைக்குமெனக் கலாசி இகழ்ந்தான் என்னும் கதை பலரும் அறிந்ததே. அதனிலும் முக்கியமானது ஜனவரி 22 இல் அங்கு நடைபெற்ற அணிவகுப்பு. குறையுள்ளோர் முன்வருக என மேஜர் பொன்டெயின் கேட்டபோது ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர், இந்திய அதிகாரிகள் அனைவரும் உட்பட, முன்வந்தனர். மரியாதை தவறாது தம் ஆட்சேபத்தைக் கூறியதோடமையாது, கொழுப்புக்கு மாற்றாக மெழுகையும் எண்ணெயையும் கலந்து பயன்படுத்தலாமெனப் பரிகாரமும் கூறினர். துப்பாக்கிக்கு மசகு வேண்டுமென்பதை அவர்கள் மறுக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. சிப்பாய்களைப் புதுமைக்கஞ்சிய மூடநம்பிக்கையாளராகக் காட்டும் எழுத்தாளர்கள் இவ்வணிவகுப்பைக் கண்டுங்காணாது விடுகின்றனர். உண்மையில் அன்று அந்நிலையத்தில் தொழில்நுட்ப ரீதியாக அறிவார்ந்த யோசனையை முன்வைத்தவர்கள் சிப்பாய்களே.

அரசாங்கம் விரைந்தே செயற்பட்டது. பரக்பூரிலிருந்த ஜெனரல் ஹியர்சியின் பரிந்துரையை ஏற்று, அம்மாத இறுதிக்குள், பயிற்சி நிலையங்களுக்கு மசகற்ற தோட்டாக்களே வழங்கப்படும், சிப்பாய்கள் தாம் விரும்பிய கலவையைக் கடைத்தெருவில் வாங்கித் தாமே தடவிக்கொள்ளலாம் என ஆணை பிறந்தது. இவ்வாணை ஒருவகையில் ஒப்புதல் வாக்குமூலமாகவும் அமைந்துவிட்டது. கொழுப்பு தூய்மையானதாயின் ஏன் விலக்கவேண்டும் என்ற வினாவுக்கு அதிகாரிகளிடம் விடையில்லை. கொழுப்பு யாதென அவர்களே அறிந்திருக்கவில்லை. இந்திய றைபிள் அணிகள் முன்னரே ஆட்டுக்கொழுப்பும் மெழுகும் கலந்த மசகை அமைதியாகப் பயன்படுத்தி வருகின்றன என்றும், புதிய ஆணை இல்லாத ஐயத்தை எழுப்பக்கூடுமென்றும் தலைமைப் படைத்துறையிலிருந்தே மறுப்பு எழுந்தது.

அவ்வாறே ஐயம் இடம்பெயர்ந்தது. பெப்ரவரி முதல்வாரத்தில் பரக்பூரில் நடைபெற்ற விசாரணையிலே சிப்பாய்கள் கொழுப்பைப் பற்றியன்றி, தோட்டாவைச் சுற்றிய கடதாசியைப் பற்றியே பேசினர். அது பளபளக்கிறது, பழைய கடதாசி போன்றதன்று, எரித்தால் கொழுப்புள்ளது போற் சடசடக்கிறது என்றனர். இரசாயனப் பரிசோதனையில் கடதாசியிற் கொழுப்பு எதுவும் காணப்படவில்லை. முடிவை எவர் நம்புவது? கொழுப்பைப் பற்றிக் கூறமுடியாதவர்கள் கடதாசியைப் பற்றிக் கூறுவதை ஏற்பதற்கு ஒரு காரணமுமில்லை. மார்ச்சில் பல்லாற் கடியாது கையாற் கிழிக்கும் புதிய பயிற்சிமுறை அனுமதிக்கப்பட்டது. அதுவும் காலந்தாழ்ந்தே வந்தது. அம்பாலாவில் தோட்டாக்களைத் தம் கண்ணாற் கண்ட பிரதம தளபதி அன்சன், அவற்றிற் பூசப்பட்டிருந்த கொழுப்பின் மிகுதியைக் கண்டபின் சிப்பாய்களின் ஆட்சேபம் தமக்கு அத்துணை வியப்பளிக்கவில்லையென எழுதினார்.

இதன்பின் நிகழ்ந்தவற்றுள் கவனிக்கத்தக்கதொன்று உண்டு. பெப்ரவரி 26 இல் பெர்காம்பூரில் 19 ஆம் காலாட்படையினர் மறுத்தவை பழைய வகைத் தோட்டாக்களே. ஏப்ரல் 24 இல் மீரத்திலே 3 ஆம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தொட மறுத்தவையும் கொழுப்புப் பூசிய என்பீல்ட் தோட்டாக்களல்ல. அவர்கள் விலங்கிடப்பட்ட மறுநாள், மே 10 ஆம் திகதி, மீரத் எழுந்தது.

மறுக்கப்பட்ட தோட்டாவில் கொழுப்பே இல்லையெனின் கொழுப்பு வெறும் சாக்குத்தானே எனச் சில ஆய்வாளர் வாதிடுவர். அயோத்தி 1856 இல் இணைக்கப்பட்டமை, கடல்கடந்தும் பணியாற்ற வேண்டுமென்ற அதே ஆண்டின் சேர்ப்புச் சட்டம் போன்ற குறைகள் ஏற்கெனவே திரண்டிருந்தன என்பதில் ஐயமில்லை. மறுபுறத்தே, அரசாங்க ஆவணங்களை 1893 இல் பதிப்பித்த ஃபொறெஸ்ற்றின் ஆய்வைச் சான்றுகாட்டி, ஆட்சேபத்துக்குரிய கொழுப்புகள் உண்மையிலேயே கலந்திருந்தனவெனத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார் றொபேட்ஸ் பிரபு. அவரோ கிளர்ச்சியை அடக்கப் போரிட்டவர். எனவே சாக்கு என்ற சொல் பொருந்துமாறில்லை. அறியவேண்டிய ஒன்றை முறைப்படி கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. விடையில்லாத இடத்தை வதந்தி நிரப்பிற்று. மாவிலே எலும்புத்தூள் கலக்கப்பட்டதென்ற வதந்தியும் அதே மாதங்களிலேயே பரவியது. அரை நூற்றாண்டுக்கு முன், 1806 யூலை 10 ஆம் திகதி வேலூர்க் கோட்டை கிளர்ந்தெழுந்தபோது தோற்சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை வகித்த இடமும் இதுவே. சென்னையில் கற்ற பாடம் கல்கத்தாவைச் சென்றடையவில்லைப் போலும்.

1860களின் பிற்பகுதியில் பிரித்தானியப் படைகளுக்கு வந்த ஸ்னைடர் றைபிளில் தோட்டா உலோகக் கூட்டுடன் குழலின் பின்புறமாகவே இடப்பட்டது. படைவீரனின் பல்லுக்கு அங்கே வேலையில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கோ கிளர்ச்சியின் பின் வழங்கப்பட்டவை, தோற்றத்தில் என்பீல்டை ஒத்திருந்தும் சுருள்வரிப் பள்ளங்கள் அற்று வழுவழுப்பாக்கப்பட்ட 0.656 அங்குலக் குழல்களையுடைய துப்பாக்கிகள்.