காஸ்ட் ஆய்வு

பெருங்குடல் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும், லேப்ராஸ்கோப் மூலம் செய்யும் நுண்துளை அறுவையையும் ஒப்பிட்ட வட அமெரிக்க ஆய்வு. 1994-இல் தொடங்கியது, முடிவுகள் 2004 மே மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின.

நுண்துளை முறை 1990-களின் தொடக்கத்தில் பெருங்குடலுக்கு வந்தபோதே ஓர் அச்சமும் கூட வந்தது. கருவி நுழைந்த துளைகளிலேயே புற்று மீண்டும் முளைத்ததாகச் சில மருத்துவர்கள் எழுதினர். தழும்பு சிறிதாக இருப்பதற்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்விக்கு விடை காணவே 48 மருத்துவமனைகளில் 872 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பியோர் நுண்துளைப் பிரிவில் 16%, திறந்த அறுவையில் 18%. உயிருடன் இருந்தோர் முறையே 86%, 85%. காயத்தில் புற்று திரும்பியது இரு பிரிவிலும் 1%-க்கும் குறைவு. மருத்துவமனையில் தங்கிய நாட்கள் திறந்த அறுவையில் ஆறு, நுண்துளையில் ஐந்து. நுண்துளை முறையைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தோடு ஒப்பிட்டால் சிறிய லாபம்தான்.

இவ்வெண்களைப் படிக்கையில் ஒன்றை மறக்கலாகாது. குறைந்தது 20 நுண்துளைப் பெருங்குடல் அறுவைகள் செய்து, அதற்குக் காணொளிச் சான்றும் தந்த நிபுணர்களே சேர்க்கப்பட்டனர். அவர்கள் கையிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நுண்துளை அறுவை பாதியில் திறந்த அறுவையாக மாற்றப்பட்டது. எனவே பயிற்சி குறைந்த மருத்துவமனைக்கு இம்முடிவு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. மலக்குடல் புற்றுநோய் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.